மூணாம் நாள் புள்ளி

அவரு யாரையாவது அடிச்சாருன்னா அதுக்குப் பின்னால ஒரு புள்ளி இருக்கும். காரணம் இல்லாம கை நீட்ட மாட்டாரு. இத மொதல்லயே சொல்லிட்றேன். ஏன்னா திருத்தணில அவரப் பத்தி விசாரிச்சீங்கன்னா "அந்த மெண்டல் லேப்காரனா" ன்னு தான் கேப்பாங்க. மெண்டலெல்லாம் இல்ல. கோவக்காரரு. ரெண்டுத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். கோவக்கார ஆம்பளையோட பதினோரு வருசம் குடும்பம் நடத்துனவ நான்.

மலைக்குப் போற ரோட்டுல, மொட்டை அடிக்கிற மண்டபத்தைத் தாண்டுனா ஒரு மாடி. கீழ பூஜை சாமான் கடை, மேல ஒரே ரூம்பு. அது தான் அவரு லேபு. ரத்தம் எடுக்கறதும் அவரு, டெஸ்ட்டு பண்றதும் அவரு, ரிப்போர்ட்டு எழுதறதும் அவரு, வந்தவங்கள திட்றதும் அவரு தான். இப்ப அந்த மாடில செல்போன் ரிப்பேர் கடை வந்துடுச்சி. அவரு எந்த ஊருக்குப் போனாருன்னு யாருக்கும் தெரியல, நானும் கேட்டுப் பாத்துட்டேன்.

நான் மொதல் மொதல்ல போன அன்னிக்கே ஒருத்தன மாடிப்படில உருட்டி உட்டாரு. வெள்ளைச் சட்டை போட்ட படிச்ச ஆளு. அவங்கப்பாவுக்குக் கண்ணு ஆப்ரேசனாம், சக்கரை ஏறியிருந்தா தேதி தள்ளிப் போடுவாங்களாம். "நாலு ரிப்போர்ட்ல மூணு நல்லா தான கீது சார். ஏறுன ஒண்ணை உட்டுட்டு மூணு மட்டும் எழுதிக் குடுங்க" ன்னான். இவரு எழுதிகினு இருந்த பென்சில காதுல சொருகினாரு. "அந்த ஏறுன ரத்தம் உங்க நைனாவோடது இல்லியா? வேற எவன் நைனாவோடதா?" ன்னு கேட்டாரு. கேட்டுகினே பளார்னு ஒண்ணு உட்டாரு. அந்தாளு நாலு படி உருண்டு, கைப்பிடிய புடிச்சி நின்னு, கெட்ட வார்த்தைல திட்டிகினே எறங்கிப் போனான்.

நான் முட்டிக்கைல பஞ்ச வச்சி மடக்கிகினு பெஞ்சில குந்திகினு இருந்தேன். நைசா எழுந்துடலாம்னு பாத்தா, "நீ எங்கமே போற, குந்து. உன் பாட்டில்ல இன்னும் பேரு எழுதல" ன்னாரு. கொரல்ல கோவமே இல்ல. ஒரு நிமிசத்துக்கு முன்னால ஆள அடிச்ச கைல எம்பேர முத்து முத்தா எழுதினாரு.

நான் எதுக்குப் போனேன்னு சொல்லணும். எனக்கு ஊரு அம்மையார்குப்பம், பவர்லூம் வூடு. நெஞ்சுல இரும்பு வால்வு வச்சிருக்குது. சின்ன வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்து இருந்த வால்வு கெட்டுப் போயி, மெட்ராசு பெரியாஸ்பத்திரில மாத்துனாங்க. வால்வுல ரத்தம் ஒறைஞ்சி கட்டிக்கக் கூடாது, அதனால ஒறையாம இருக்க மாத்திரை, தினம் சாயங்காலம், சாவற வரைக்கும். மாத்திரை பத்தலன்னா வால்வுல கட்டும். அதிகமானா எங்கயாவது ரத்தம் ஒழுக ஆரம்பிச்சி நிக்காது. ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு நெம்பரு இருக்குது, ஐ.என்.ஆர்.னு சொல்லுவாங்க. எனக்கு ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல நிக்கணும். அத பாக்கத் தான் லேபு.

மத்த லேபுல நெம்பர எழுதி கவர்ல போட்டுக் குடுப்பாங்க, முடிஞ்சது. இவரு விட மாட்டாரு. "இந்த வாரம் எத்தினி மாத்திரை போட்ட, எத்தினி மணிக்குப் போட்ட, கீரை தின்னியா, எவ்ளோ தின்ன" ன்னு போலீசு மாதிரி கேட்டு எழுதிகினு, அடுத்த வாரம் நெம்பரு இன்னா வரும்னு முன்னாலயே ஒரு கோடு இழுத்து வைப்பாரு. நான் போனதும் ரத்தம் எடுத்து, வந்த நெம்பர அந்தக் கோட்டு மேல புள்ளியா வைப்பாரு. புள்ளி கோட்டுல குந்துச்சின்னா ஒரு டீ வாங்கியாரச் சொல்லுவாரு, எனக்கும் சேத்து. மாசத்துக்கு ஒரு வாட்டி பாத்தாப் போதும்னு ஆஸ்பத்திரில சொல்லியிருந்தாங்க. இவரு என்னை வாரா வாரம் வரச் சொன்னாரு, மத்த மூணு வாட்டிக்குக் காசு வாங்க மாட்டாரு. அவருக்குப் புள்ளி மேல அப்டி ஒரு வெறி.

ஒரு நாளு கேட்டேன். "நேத்து மாத்திரைய மறந்துட்டேன் சார், ஆனா இன்னிக்கி நெம்பரு நல்லா தான கீது?"

"நேத்து போட்டதும் போடாததும் இன்னிக்கி பேசாதுமே. ரெண்டு மூணு நாளு கழிச்சித் தான் பேசும்" ன்னாரு. "ரத்தத்த ஒறைய வைக்கிற சரக்கு ஈரல்ல தெனம் கொஞ்சம் புதுசா தயாராவுது, இருக்கறதுல தெனம் கொஞ்சம் தீருது. மாத்திரை புதுசா வர்றத தான் தடுக்கும். இருக்கறதத் தொடாது."

"பாவு நூலு போடறத நிறுத்திட்டா, தறில இருக்குற பாவு தீர்ற வரைக்கும் ஓடும் இல்ல சார், அப்டியா?"

அவரு பென்சில கீழ வச்சிட்டு என்னையே பாத்தாரு. "இத நாலு டாக்டருக்கு நான் போர்டுல எழுதி எழுதிக் காமிச்சிருக்கறேன்மே, ஒருத்தனுக்கும் ஏறல" ன்னு சொல்லி அப்டி சிரிச்சாரு. அதுக்கப்பால என்னை "பாவு" ன்னே கூப்புட ஆரம்பிச்சாரு. "வாமே பாவு, குந்து."

கோடு இழுக்குற கிராப் தாள நான் தான் கொண்டு போய்க் குடுப்பேன். எங்க வூட்டுக்காரரு எனக்கு அத்தை மகன், பாவான்னு தான் கூப்புடுவேன். தறியும் ஓட்டுவாரு, பார்டருக்கு டிசைனும் போடுவாரு. மயிலு, மாங்கா, அன்னம் எல்லாத்தையும் கிராப் தாள்ல கட்டம் கட்டமா ரொப்புவாரு, பாக்க அவ்ளோ அழகா இருக்கும். அந்தக் கட்டுல இருந்து ரெண்டு மூணு தாளு உருவிகினு போவேன். லேப் சாருக்கு அந்தத் தாளு ரொம்பப் புடிச்சிப் போச்சி. ஒரு பென்சிலு, ஒரு ஸ்கேலு, எங்க வூட்டுத் தாளு. புதுப் பென்சிலு வாங்குனா மொத வேலையா பின்னால இருக்குற ரப்பரு கட்டையப் பிளேடால சீவி ஜன்னலு வழியா எறிஞ்சிடுவாரு. கீழ பூஜை சாமான் கடைக்காரரு, "இன்னா சார், தெனம் ஒண்ணு எந்தலைல வுழுது" ன்னு சண்டைக்கு வருவாரு.

ரப்பரு மேல இன்னா கோவம்னு ஒரு நாளு அவரே சொன்னாரு. முன்னால மெட்ராசுல ஒரு மருந்து கம்பெனில இருந்தாராம். புது மருந்த ஆளுங்களுக்குக் குடுத்து, எவ்ளோ குடுத்தா ரத்தத்துல எது எத்தினி நாளுல ஏறுது, எத்தினி நாளுல எறங்குதுன்னு கணக்கு போடற வேலை. அந்தக் கணக்கக் கோடா இழுத்தா எல்லாரும் கோட்டு மேல வந்துட்டாங்களாம், ஒரு ஆளத் தவிர. பதினேழாம் நெம்பரு. அந்தப் புள்ளி மட்டும் எங்கயோ ஒரு மூலைல தனியா நின்னுச்சாம். மேல இருந்த அதிகாரி, "இது மெசினு தப்பு, எடுத்துடு, கோடு அழகா வரும்" னு சொல்லி இவரு கண்ணு முன்னாலயே கம்பியூட்டர்ல அழிச்சிட்டாராம்.

"இன்னா பண்ணீங்க?"

"கீ போர்டால மூஞ்சில அடிச்சேன். மூக்கு ஒடைஞ்சிடுச்சி. வேலை போச்சி, கேசு ஆச்சி." அப்பால சொன்னாரு. "அது ஆம்பளையா பொம்பளையான்னு கூட எனக்குத் தெரியாது. பேரு தர மாட்டாங்க. நெம்பரு தான். அப்பால அது உசுரோட கீதா இல்லியான்னும் தெரியல."

நான் மனசுக்குள்ள, நெம்பருக்காவ ஒரு மூக்க ஒடைக்கணுமான்னு நெனைச்சேன். அன்னிக்கி எனக்கு அது புரியல.

அப்புறம் தான் எம்புள்ளி துள்ள ஆரம்பிச்சிது. மூணு வாரம் ஒழுங்கா கோட்டு மேல குந்தும். நாலாவது வாரம் மேல ஏறிடும். மூணே முக்கால். அடுத்த மாசம் நாலே கால். அடுத்தது நாலே முக்கால். அவரு மொதல்ல மெசினு மேல சந்தேகப்பட்டாரு, தன் கையக் குத்தி அந்த ரத்தத்த எம்பாட்டிலுக்குப் பக்கத்துல வச்சி ஓட்டிப் பாத்தாரு. அவருது, மாத்திரை போடாத ஆளுக்கு வர வேண்டிய மாதிரி, சரியா ஒண்ணு வந்திச்சி. மெசினு மேல தப்பில்ல. அப்பால செவுத்துல இருந்த தினசரி காலண்டரக் கழட்டிகினு வந்து தாளு பக்கத்துல வச்சாரு.

"அமாவாசைக்கு மூணாம் நாளு ஏறுதுமே. ஒவ்வொரு வாட்டியும். அமாவாசைக்கு இன்னா தின்ன?"

"அரைக்கீரை மசியலு சார். படையலுக்குக் கட்டாயம் வைக்கணும்."

"கீரை தின்னா எறங்கணும். உனக்கு ஏறுது." தலையப் பிச்சிகினாரு. "மாத்திரைய ஒண்ணுக்கு ரெண்டா போட்டியா?"

"இல்ல சார்."

"வேற எதனா?"

"இல்ல சார்."

பொய் தான் சொன்னேன். இப்பக் கூச்சமில்லாம சொல்றேன். எங்க தெருவுல வருசம் பூரா தறிச் சத்தம். பக்கத்துல குந்திகினு பேசினா கூட காதுல வுழாது. அமாவாசை அன்னிக்கி மட்டும் எல்லாத் தறியும் லீவு. மத்தியானம் படையலு போட்டு, சோறு தின்னுட்டு, பாவா வெளிய போயி குடிச்சிட்டு நாலு மணிக்கி வந்து பாயில படுப்பாரு. தெருவே நிசப்தமா இருக்கும். அப்ப என் நெஞ்சுல இருக்குற இரும்பு வால்வு டிக்கு டிக்குன்னு அடிக்கறது அவருக்குக் கேக்கும். "அத நிறுத்துடி" ம்பாரு. "எப்டி பாவா நிறுத்துறது, நிறுத்துனா செத்துருவேன்" ம்பேன். தள்ளிப் போயி குந்துனாலும் கேக்குதும்பாரு. சமையக்கட்டுல போயி நின்னாலும் கேக்குதும்பாரு. அப்பால பெல்ட்டு. இல்லன்னா தறில கழட்டி வச்ச மரக்கட்டை. முதுகுல, தொடைல, இடுப்புல. தலைல மட்டும் அடிக்க மாட்டாரு. பெரியாஸ்பத்திரில டாக்டரு அவரப் பக்கத்துல வச்சிகினு தான் சொன்னாரு, "தலைல மட்டும் அடிபடாம பாத்துக்கங்க" ன்னு. அந்த ஒரு பேச்ச பாவா மறக்கவே இல்ல. எங்க பாவா நல்லவரு, தலைல அடிக்க மாட்டாருன்னு நானே எந்தம்பி கிட்ட பெருமையா சொல்லியிருக்கறேன். தூ, இப்ப நெனைச்சா எம்மேலயே எனக்கு ஆத்திரம் வருது.

அடி வாங்குன அன்னிக்கி சாயங்காலம் மருந்துக் கடைல போயி, "ஒடம்பு வலிக்கி ஒரு செட்டு குடுங்கண்ணா" ம்பேன். செட்டுன்னா, நாலஞ்சி மாத்திரையப் பிரிச்சி சின்னக் கவர்ல போட்டுத் தருவாங்க. ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு பாதி மஞ்சளு. இன்னா மாத்திரைன்னு அவங்களும் சொல்ல மாட்டாங்க, நாமளும் கேக்க மாட்டோம். வேற மாத்திரை எதையும் தொடக் கூடாது, ரத்த மாத்திரையோட சேந்து நெம்பர ஏத்திடும்னு எனக்கு ஆஸ்பத்திரில சொல்லித் தான் அனுப்புனாங்க. வலி தாங்கணுமே. மொதல்ல ஒரு நாளு செட்டு, அப்பால மூணு நாளு, அப்பால காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு.

நாலாவது அமாவாசைக்கி மூணாம் நாளு நெம்பரு அஞ்சே கால் வந்திச்சி. முட்டிக்கைல ஊசி போட்ட எடத்துல பஞ்ச வச்சி கால் மணி நேரம் அமுக்கியும் ரத்தம் நிக்கல. அன்னிக்கி அவரு பொறுமை போச்சி. நான் எழுதிகினு வந்த மாத்திரை நோட்ட எடுத்து மேஜை மேல அடிச்சாரு. "தெனம் ஒண்ணு, தெனம் ஒண்ணுன்னு எழுதியிருக்கற. உன் ரத்தம் வேற சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய்யி. ரத்தத்துக்குப் பொய்யி சொல்லத் தெரியாது" ன்னு கத்திகினே நோட்டோட கைய ஓங்கினாரு.

மேஜைய அடிக்கத் தான் ஓங்கினாரு. அது எனக்குத் தெரியும். ஆனா ஒடம்புக்குத் தெரியல. ரெண்டு கையையும் பின்னந்தலைல கோத்துகினு முட்டிக்குள்ள குனிஞ்சிட்டேன். "சார், தலைல வேணாம் சார்" னு சொல்லிட்டேன்.

ஓங்குன கை அப்டியே நின்னுச்சி. கீழ ரோட்டுல ஒரு கூட்டம் அரோகரா போட்டுகினு போனது மட்டும் கேட்டுச்சி. அவரு நோட்ட மெதுவா மேஜை மேல வச்சாரு. கொழாய்க்கிட்ட போயி மூஞ்சக் கழுவினாரு, தொடைக்காம அப்டியே வந்து எனக்கு எதிர்ல குந்துனாரு. தண்ணி சொட்டிகினு இருந்துச்சி.

"எத்தினி மாசமா?"

"மலைப்படில வுழுந்துட்டேன் சார்."

"நெஞ்சுல வால்வ வச்சிகினு இந்த மாடி ஏறவே உனக்கு மூச்சு வாங்குது, மலைப்படில எங்க ஏறுன. எத்தினி மாசமா?"

சொல்லிட்டேன். தறிச் சத்தம், டிக்கு சத்தம், பெல்ட்டு, செட்டு மாத்திரை எல்லாத்தையும் சொல்லிட்டேன். அழல. எனக்கு அழுகை வரல, வெறி தான் வந்துச்சி. இத்தினி நாளு ஒருத்தர் கிட்டயும் சொல்லாதத ஒரு கிராப் தாளு சொல்லிடுச்சேன்னு.

அவரு தாள எடுத்தாரு. மாத்திரைன்னு எழுதியிருந்த வரிசைக்குக் கீழ இன்னொரு வரிசை போட்டு, 'அடி' ன்னு எழுதினாரு. நாலு அமாவாசைத் தேதிக்கும் நேரா ஒரு குச்சி போட்டாரு. மாத்திரைக்கு எப்டி எழுதுவாரோ அதே மாதிரி. அப்பால அந்த ரெண்டு வரிசையையும் வச்சி புதுசா கோடு இழுத்தாரு. நாலு புள்ளியும் கோட்டு மேல வந்து குந்திடுச்சி. டீ வாங்கியாரச் சொல்லல.

"வேணாம் சார், அதெல்லாம் எழுதாதீங்க. அழிச்சிடுங்க" ன்னேன்.

"கேக்க வேண்டிய ஆளப் பாத்து தான் கேக்கற" ன்னாரு. பென்சிலால அஞ்சாவது அமாவாசையத் தொட்டாரு. "இதே மாதிரி போனா, இதுக்கு மூணாம் நாளு ஆறு கிட்ட போயிடும். அன்னிக்கி அந்தாளு உன் தலைல அடிக்கவே வேணாம். நீயா செவுத்துல இடிச்சிகினா போதும்."

"மாத்திரையக் கொறைச்சிக்கறேன் சார்."

"கொறைச்சா மாசம் பூரா கீழ போயிடும், வால்வுல கட்டிக்கும். கொறைக்கலன்னா மூணாம் நாளு ஒழுகும். அடி வுழுந்தா வலிக்கி செட்டு போடாம உன்னால இருக்க முடியாது. அந்தாளு நிறுத்தற வரைக்கும் உனக்கு சரியான டோசுன்னு ஒண்ணு கெடையாது, பாவு."

எனக்கு ஆத்திரம் பொத்துகினு வந்திச்சி. "நீங்க யோக்கியமா? நீங்களும் தான எல்லாரையும் அடிக்கிறீங்க" ன்னேன்.

கோவப்படுவாருன்னு நெனைச்சேன். படல. "எம்பொண்டாட்டி எதுக்குப் போனான்னு நெனைக்கிற? நான் கணக்கு போடறேன், அவ குறுக்க பேசினான்னு அடிச்சேன். எத்தினி வாட்டின்னு கேட்டா தேதியோட சொல்லுவேன்" ன்னாரு. அந்த மனுசன எனக்கு அப்பப் புடிக்கல. பயமா இருந்துச்சி. ஆனா அடிச்சத தேதியோட ஒத்துகினு சொன்ன ஆம்பளைய நான் அன்னிக்கித் தான் மொதல் மொதலா பாத்தேன்.

வூட்டுக்குப் போயி வாய மூடிகினு தான் இருந்தேன். செட்டு மாத்திரைய மட்டும் தொடக் கூடாதுன்னு வைராக்கியமா இருந்தேன். அடிய எப்டி நிறுத்துறதுன்னு தெரியல. அஞ்சாவது அமாவாசைக்கி முந்துன நாளு டெஸ்ட்டுக்குக் கெளம்பறேன், பாவா வாசல்ல நிக்கறாரு. "கட்டுல கிராப் தாளு கொறையுது. எங்க எடுத்துகினு போற, எவனுக்குக் குடுக்கற? நானும் வரேன் நட" ன்னாரு. வண்டில ஏத்திகினு வந்தாரு.

லேபுல மூணு பேரு பெஞ்சில குந்திகினு இருந்தாங்க. லேப் சாரு பாவாவ ஏற எறங்கப் பாத்தாரு. என்னோட தாள எடுத்து மேஜை மேல விரிச்சாரு. பாவா மூஞ்சி மாறிடுச்சி. கோவம் இல்ல, சிரிப்பு. அவரு தாளு இல்லியா. "அட, நம்ம கிராப்பு. இன்னா டிசைனு இது" ன்னு குனிஞ்சாரு. வெரல வச்சி கட்டத்த எண்ண ஆரம்பிச்சாரு. டாக்டருங்களுக்கே புரிய நேரமாவும், எங்க பாவாவுக்கு அது அப்டியே படிக்க வந்துச்சி. "ரிப்பீட்டு வருதே. முப்பது கட்டத்துக்கு ஒரு வாட்டி தூக்குது. போவப் போவப் பெருசாவுது. இங்க கீழ ஒரு குச்சி குத்தியிருக்கீங்க, குத்துன எடத்துல இருந்து மூணு கட்டம் தள்ளித் தூக்குது" ன்னாரு. ஒரு டிசைன அவரு மாதிரி படிக்க எங்க ஊர்லயே ஆளு கெடையாது.

"சரியா சொன்ன. அந்தக் குச்சிக்கு இன்னா பேருன்னு படி" ன்னாரு லேப் சாரு.

பாவா படிச்சாரு. அடி. தேதிகளப் பாத்தாரு. செவுத்துல இருந்த காலண்டரப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

"எங்க வூட்டு விசயத்த டிசைனு போட்டு மாட்டி வச்சிருக்கிறியா? அழிடா" ன்னாரு.

"எங்கிட்ட ரப்பரு இல்ல."

தாளப் புடுங்க வந்தாரு பாவா. லேப் சாரு அத நாலா மடிச்சி சட்டைக்குள்ள போட்டுகினாரு. அப்ப ஆரம்பிச்சிது. பாவா இரும்பு ஸ்டூல எடுத்து தோள்ல ஒண்ணு போட்டாரு. அடுத்தது மூஞ்சில. மூக்குல இருந்து ரத்தம் கொட்டுது. பெஞ்சில இருந்த மூணு பேரும் படில எறங்கி ஓடிட்டாங்க. ரத்த பாட்டிலு வச்சிருந்த தட்டு கவுந்து தரை பூரா கண்ணாடி. பாவா காலால ஒதைக்கறாரு, கையில கெடைச்சதால அடிக்கறாரு. நான் நடுவுல பூந்தேன், என்னை ஒரு தள்ளு தள்ளினாரு, மேஜை ஓரத்துல இடுப்பு இடிச்சி வுழுந்தேன்.

நான் எதிர்பாத்துகினே இருந்தேன், இதோ திருப்பி அடிக்கப் போறாரு, இதோ பாவாவ படில உருட்டப் போறாருன்னு. சொல்லப் போனா ஆசைப்பட்டேன். ஊரே பயப்படற கையி. அவரு அடிக்கல. ஒரு கை சட்டைக்குள்ள இருந்த தாள அமுக்கிகினு இருந்துச்சி. இன்னொரு கை ஜன்னலு கம்பியப் புடிச்சிகினு இருந்துச்சி. கம்பிய அவரு எதுக்கு அப்டிப் புடிச்சிருக்காருன்னு எனக்கு அப்பத் தெரியல. வெரலு வெளுத்துப் போயிருந்துச்சி.

பாவாவுக்கே சலிச்சிப் போச்சி. மூச்சு வாங்கிகினு ஸ்டூல எறிஞ்சிட்டு, "வாடி" ன்னு படில எறங்கினாரு.

நான் தரைல இருந்து எழுந்தேன். லேப் சாரு செவுத்துல சாஞ்சி குந்திகினு ஒரு பல்ல கைல துப்பிப் பாத்துகினு இருந்தாரு.

"ஏன் சார் திருப்பி அடிக்கல?" ன்னேன். எனக்கு அவரு மேல தான் கோவம்.

"நான் அவன அடிச்சா, அது உம்மேல வரும்மே" ன்னாரு. வாயில ரத்தம் இருந்ததால மெதுவா தான் பேசினாரு. "எத்தினி நாளு கழிச்சி வரும்னு எனக்குத் தெரியும்."

கீழ பாவா வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஹாரன் அடிச்சாரு. பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. நான் நின்ன எடத்துல நின்னேன். மறுபடி ஹாரனு. மறுநாளு அமாவாசை. எங்க தெருவுல தறி நிக்கும், நாலு மணிக்கி நெஞ்சு டிக்கு டிக்குன்னு கேக்கும். காலு எடுத்து வைக்கணும்னு தோணிச்சி, பதினோரு வருசப் பழக்கம். வைக்கல. மூணாவது ஹாரனுக்கு அப்பால வண்டி போற சத்தம் கேட்டுச்சி.

அன்னிக்கே நகரி பஸ்ஸப் புடிச்சி எந்தம்பி வூட்டுக்குப் போயிட்டேன். மறுநாளு திருத்தணி மகளிர் ஸ்டேசனு. லேப் சாரு வீங்குன ஒதட்டோட வந்து அந்தத் தாள இன்ஸ்பெக்டரம்மா மேஜைல விரிச்சி அரை மணி நேரம் பேசினாரு. அவங்க தாளத் தலைகீழா திருப்பிப் பாத்துட்டு, "இதுல இவங்கள அடிச்சது தெரியுமா" ன்னாங்க. "அடிச்சதும் தெரியும், அடுத்தது எப்பன்னும் தெரியும்" னாரு. அந்தம்மா பேனாவ எடுத்தாங்க. அதுக்கப்பால கோர்ட்டு, பெரியவங்க பேச்சி எல்லாம் நடந்துச்சி. அதெல்லாம் எல்லா வூட்லயும் நடக்கறது தான்.

அமாவாசைக்கி மூணாம் நாளு லேபுக்குப் போனேன். கண்ணாடியெல்லாம் பெருக்கி வச்சிருந்தாரு, ஸ்டூலு ஒரு காலு கோணியிருந்துச்சி. என் கையப் புடிச்சி நரம்பு தேடினாரு. மொத குத்து தவறிடுச்சி. எனக்கு ரத்தம் எடுத்ததுல அவரு தவற உட்டது அந்த ஒரு வாட்டி தான். மெசினு நெம்பரு காமிக்கற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அதையே பாத்துகினு இருந்தோம். ரெண்டே முக்கால்.

அவரு தாளயும் பென்சிலயும் எங்கிட்ட தள்ளினாரு. "நீயே வை" ன்னாரு.

எனக்குக் கண்ணு மறைச்சிடுச்சி. புள்ளிய ஒரு கட்டம் தள்ளி வச்சிட்டேன், மூணாம் நாளுக்கு பதிலா நாலாம் நாளுல. "ஐயோ, தப்பா வச்சிட்டேன் சார், அழிச்சிட்டு நீங்க வைங்க" ன்னேன். அவரு அழிக்கல. பக்கத்துக் கட்டத்துல சரியான புள்ளிய வச்சிட்டு, நான் வச்சதுக்கு மேல சின்னதா 'இது அவங்க கை' ன்னு எழுதினாரு.

அந்தத் தாளு இன்னும் எங்கிட்ட இருக்குது. இப்ப வேற லேபுல பாக்கறேன், கவர்ல போட்டுத் தர்ற நெம்பர வூட்டுக்கு வந்து நானே அதுல புள்ளி வைக்கறேன். எல்லா டெஸ்ட்டுக்கும் ஒரு புள்ளி இருக்குது. அந்த ஒரு டெஸ்ட்டுக்கு மட்டும் ரெண்டு இருக்குது.